செவ்வாய்க்கிழமைக்காரர்

"உங்க பேரு சொல்லுங்க."

"ஜெகதீசன். தேங்காய் வியாபாரம். பொள்ளாச்சி."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமைங்க. ஏனுங்க, நீங்க டாக்டரா?"

"டாக்டர் இல்ல. தகடு ரிப்பேர் பாக்கறவ. நஸ்ரின். சரி, உங்க பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு?"

ஜெகதீசன் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"தெரியலைங்க. காலையிலேருந்து என்ற சம்சாரம்னு சொல்லிட்டிருக்காங்க. பாத்தா நல்ல குடும்பத்துப் பொம்பளையாத்தான் தெரியறாங்க. அதனாலதான் போலீசுக்குப் போகல."

பக்கத்தில் இருந்த மேனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா என்று நஸ்ரின் பார்த்தாள். அழுகைதான்.

"இருபத்தி மூணு வருஷம் ஆச்சு மேடம் எனக்குக் கல்யாணம் ஆகி. வாசல்ல வண்டி வந்து நின்னுச்சு. காப்பியைக் கொண்டுபோய் நீட்டுனா, 'அம்மா, இது எந்த ஊரு'ங்கறாரு. என்ற மக வந்து அப்பான்னா, 'பாப்பா நீ யாரு வீட்டுப் புள்ள'ங்கறாரு. அவ ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. நாளன்னிக்கு அவளுக்கு நிச்சயம். அப்பாதான் தட்டு மாத்தணும். சபையில நின்னுக்கிட்டு மாப்பிள்ளையோட அப்பாகிட்ட, 'பொண்ணு யாரு மக'ன்னு கேட்டாருன்னா நாங்க என்ன பண்றது?"

"கேக்க மாட்டேனுங்க" என்றார் ஜெகதீசன் சமாதானமாக. "எதுக்கு நான் அங்க வரப்போறேன்?"

கோயம்புத்தூர் காந்திபுரத்தில், மோட்டார் பம்ப் விற்கிற கடைக்கு மேலே இருந்தது நஸ்ரினின் கடை. சாய்கிற நாற்காலி ஒன்று, திரை ஒன்று, வருகிறவர்கள் உட்கார நான்கு ஸ்டூல். தலையில் அடிபட்டு நினைவு நிற்காமல் போனவர்களுக்குக் காதுக்குப் பின்னால் தகடு வைக்கிற காலம் வந்த பிறகு இந்த மாதிரிக் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்துவிட்டன. தகட்டை வைப்பது ஆஸ்பத்திரி. அதற்குள் நினைவை நிரப்புவது குடும்பம். மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் இன்னார், இது உங்கள் வீடு, இவன் உங்கள் மகன், உங்களுக்குப் பிடித்தது இந்தக் குழம்பு என்று சொல்லிச் சொல்லி ஏற்ற வேண்டும். சொன்னது இருக்கும். சொல்லாதது இருக்காது.

ஜெகதீசனுக்கு அப்படி நிரப்பியவர்கள் இரண்டு பேர்: பொள்ளாச்சியில் மூத்த மனைவி சுகந்தி, திருப்பூரில் இளையவள் மேனகா.

"இதை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம். போன வாரம் வரைக்கும் நல்லா இருந்தாரே?"

"அந்தக் காலத்துல ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு சிஸ்டம் போட்டு வெச்சிருப்பாங்க, கேள்விப்பட்டிருக்கீங்களா? எங்க வாப்பா கடையில நெறைய வரும். சுவிட்சைப் போட்டதும் ரெண்டுல எது எந்திரிக்கணும்னு முடிவு பண்றதுக்குன்னே சின்னதா ஒண்ணு இருக்கும். பூட் லோடர்னு பேரு. இவரு தகட்டுலயும் அது உண்டு. அவரு கண்ணு முழிக்கறதுக்குக் கொஞ்சம் முந்தி அது முழிச்சுக்கும். இன்னைக்கு என்ன கிழமை? சனி. அப்ப திருப்பூர்க்காரரை எழுப்பு. புதன்கிழமையா? பொள்ளாச்சிக்காரரை எழுப்பு."

"இப்ப அது செத்துப் போச்சா?"

"சாகல. பொள்ளாச்சிப் பக்கம் ஏதோ அப்டேட் வந்திருக்கு. அது வந்து வாசல்ல இருந்த பேர்ப்பலகையைக் கழட்டிப் போட்டுட்டு, தன் பேரை மட்டும் எழுதி மாட்டிருச்சு. உங்காளு உள்ளதான் இருக்காரு. கூப்பிட வழியில்ல, அவ்வளவுதான்."

"அப்ப வழி பண்ணுங்க."

"பண்ணலாம். ஆனா அந்த அப்டேட்டோடவே தகட்டுக்குப் பூட்டும் விழுந்திருச்சு. பூட்டு அவங்க கைரேகையில இருக்கு."

யார் என்று மேனகா கேட்கவில்லை. அந்த 'அவங்க' அப்போது படியேறிக்கொண்டிருந்தார்.

சுகந்தி உள்ளே வந்ததும் ஜெகதீசன் எழுந்து நின்றுவிட்டார். தொலைந்த பிள்ளை தாயைப் பார்த்தது போல இருந்தது முகம்.

"வந்துட்டியா! நான் போன் பண்ணுனதும் கெளம்பிட்டியா? இவிங்க என்னைத் திருப்பூர் கூட்டிட்டுப் போயி ஒரு ஊட்ல உக்கார வெச்சுட்டாங்க சுகந்தி. இட்லியெல்லாம் குடுத்தாங்க. மெரட்டல எதுவும்."

"தெரியும். உக்காருங்க."

சுகந்திக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மேனகா எழுந்தாள்.

"அக்கா..."

"அக்கான்னு கூப்பிடாதே. நானும் நீயும் ஒரு வயித்துல பொறக்கல." பிறகு நஸ்ரினிடம் திரும்பினார். "நீதான் இவளுக்கு ரெண்டாவதைப் போட்டுக் குடுத்தவளா?"

"ஆமாங்க. உங்களுக்கு மொதல்ல போட்டுக் குடுத்தவங்க யாருன்னு நான் கேக்கலையே."

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "வாய் இருக்குது. சரி, என்ன பண்ணோணும்னு சொல்லு. எனக்கு இவரை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணும்."

"அப்டேட்டுக்குச் சரின்னு அமுத்துனது நீங்களா?"

"ஆமா. காதுக்குப் பின்னால பச்சையா மின்னுச்சு. அமுத்துனேன். வேணும்னு பண்ணல. ஆனா பண்ணுனதுக்கு அழுகவும் இல்ல. ஏழு நாளும் என்ற புருஷன் எனக்குத்தான்னு ஆண்டவனே அப்டேட் அனுப்பிருக்கான், நான் எதுக்குத் திருப்பிக் குடுக்கோணும்?"

மேனகா கீழே உட்கார்ந்துவிட்டாள். தரையில், சுகந்தியின் காலுக்குப் பக்கத்தில்.

"எனக்காகக் கேக்கலைங்க. உங்க நாளைக்கூட எடுத்துக்குங்க. நாளன்னிக்கு ஒரு நாளு. பொண்ணு பேரு யாழ்மதி. பி.டெக். படிச்சிருக்கா. அப்பா தன்ற பேரைச் சொல்லிட்டாருன்னா போதும்னு சொல்றா."

"எந்திரி மொதல்ல. கீழயெல்லாம் உக்காராதே." சுகந்தி ஜன்னலைப் பார்த்தார். "அந்தப் புள்ள என்ன தப்பு பண்ணுச்சு. வெரலைக் குடுக்கறேன். இந்தாம்மா, எங்க வெக்கோணும்?"

ஜெகதீசன் நாற்காலியில் சாய்ந்தார். காதுக்குப் பின்னால் ஒயரைச் செருகியதும் அவர் கண் மூடிக்கொண்டது. நஸ்ரின் பென்டிரைவை எடுத்துத் திரைக்குக் கீழே செருகினாள்.

"இப்ப அவரோட தகடு தானா எந்திரிக்காது. வெளியிலேருந்து நான் எழுப்பி, உள்ள யார் யார் இருக்காங்கன்னு தேடச் சொல்லியிருக்கேன். கெடைச்ச பேரையெல்லாம் சேத்துப் புதுப் பலகை எழுதி மாட்டிட்டா முடிஞ்சுது. டீ சொல்லவா?"

"எனக்குச் சர்க்கரை இல்லாம" என்றார் சுகந்தி.

"எனக்கும்" என்றாள் மேனகா.

திரையில் முதல் வரி வந்தது. பொள்ளாச்சி. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது. திருப்பூர். மேனகா கை கூப்பினாள். நஸ்ரின் விசைப்பலகையில் கை வைக்கப் போனபோது மூன்றாவது வரி வந்தது.

செவ்வாய்.

"அது என்னது?" என்றார் சுகந்தி.

"தெரியலைங்க. நான் போடல."

"மூணாவதா ஒருத்தியா?" சுகந்தியின் குரல் ஏறியது. "ஏன்டி, உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படிங்க தெரியும்? செவ்வாக்கிழமை உங்க ஊட்லதானே இருக்காரு?"

"எங்கூட்லயா? எங்கூட்டுக்குப் புதன்கிழமை காலையிலதானே வர்றாரு. முன்னெல்லாம் செவ்வாக்கிழமை விடியறதுக்குள்ள வந்துருவாரு. இப்ப மூணு வருஷமா புதன்தான். நீ ஒரு நாளைக் கூடப் புடிச்சு வெச்சுக்கிட்டேன்னு இருந்தேன்."

"நானா? திங்கக்கிழமை ராத்திரி சாப்பிட்டுத் தூங்குனதும் வண்டியில ஏத்தி விட்டுர்றேனே. அது தானா ஓட்டிட்டு நேரா உங்ககிட்டத்தானே வரும்?"

"வரலையே."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்க?"

"கேக்கறதுக்கு உன்ற கிட்டப் பேசோணுமே!"

இருவரும் திரையைப் பார்த்தார்கள். நஸ்ரின் அந்த மூன்றாவதைத் திறக்காமல் வெளியிலிருந்தே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரும் நிரப்பினது இல்லைங்க" என்றாள் கடைசியில். "தகடு வரும்போதே அடியில ஒண்ணு வெறுமனே இருக்கும். ஆபத்துக்கு வெச்சிருக்கறது. அது எந்திரிச்சா தகடு எதையும் சொல்லித் தராது, கை காலையும் நடத்தித் தராது. மூளை தானா என்ன ஞாபகம் வெச்சிருக்கோ அதோட விட்டுரும். அடிபட்ட புதுசுல இவருக்கு அதுல ஒண்ணுமே இல்ல, நானே பாத்திருக்கேன். இப்ப நெறைய இருக்கு. யாரோ அதுக்கு ஒரு கிழமையும் குடுத்து வெச்சிருக்காங்க."

"எழுப்பு" என்றார் சுகந்தி.

"வேண்டாங்க" என்றாள் மேனகா. "எனக்குத் திருப்பூர்க்காரரை எழுப்பிக் குடுத்துருங்க, நாங்க போயிர்றோம்."

"அதுலதான் ஒரு சிக்கல். இந்த அப்டேட் ரொம்பப் பெருசு. தகட்டுல இனி ரெண்டு பேருக்குத்தான் எடம். ஒண்ணை எடுத்தாத்தான் பலகையே எழுத முடியும். எடுத்தா எடுத்ததுதான், திரும்பி வராது."

"அப்ப அந்தச் செவ்வாயை எடுத்துரும்மா" என்றார் சுகந்தி.

"ஆமாங்க, அதை எடுத்துருங்க" என்றாள் மேனகா.

அவர்கள் இருவரும் ஒரே பேச்சாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது அவர்களுக்கே உறைத்து, ஒருவரையொருவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"யாரையும் கேக்காம எடுக்க மாட்டேன்" என்றாள் நஸ்ரின். "மத்த ரெண்டும் நீங்க நிரப்பினது. உங்களைக் கேக்கறேன். இது அவரா நிரம்பினது. அவரைக் கேக்கணும்."

அவள் விசையை அழுத்தினாள்.

ஜெகதீசன் கண்ணைத் திறக்கவே நேரம் ஆனது. திறந்தபோது இடது பக்கத்து உதடு கொஞ்சம் இறங்கியிருந்தது. இடது கை மடியில் நடுங்கியது. அரை மணிக்கு முன்னால் துள்ளி எழுந்து நின்றவர் இப்போது கழுத்தைத் திருப்பவே பாடுபட்டார். சுகந்தியைப் பார்த்தார். பிறகு மேனகாவை. பிறகு மறுபடி சுகந்தியை.

"ரெ... ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா" என்றார். "நான் செத்துட்டனா?"

டீ கொண்டுவந்தவர் கிளாசுகளை வைத்துவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

"இன்னும் சாகல" என்றார் சுகந்தி. "என்னைத் தெரியுதா?"

"சுகந்தி."

"அவளை?"

அவர் தரையைப் பார்த்தார். "மேனகா."

"எங்க போறீங்க செவ்வாக்கிழமையானா?"

"உடுமலை. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒ... ஒரு லாட்ஜ். ஒரு தடவை வண்டி அங்க நின்னுபோச்சு. தகடும் நின்னுபோச்சு. நடுரோட்ல முழிச்சேன். எல்லாம் ஞாபகம் வந்துச்சு. உன்னையும். இவளையும். நான் பண்ணுனதையும்." மூச்சு வாங்கினார். "அங்கயே ஒரு கடையில சொல்லி, வாரத்துக்கு ஒரு நாள் இப்படி இருக்கற மாதிரி பண்ணிக்கிட்டேன். வண்டியையும் நிக்கச் சொல்லிட்டேன். மத்த நாளெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்த ஆளா இருக்கேன். அவிங்க நல்லவிங்க. என்னை மாதிரி இல்ல."

"அங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் மேனகா.

"நடந்து பழகுவேன். டீ குடிப்பேன். பா... பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாத்தீங்களே, அன்னூர்ப் பையன். போன மாசம் ரெண்டு செவ்வாக்கிழமை அவன் கம்பெனிக்கு எதுத்தாப்ல உக்காந்து பாத்தேன். நல்ல பையன். டீ குடிச்சா கிளாசைக் கொண்டுபோய் உள்ளார வெக்கிறான்."



நஸ்ரின் குனிந்து, நடந்ததையெல்லாம் மெதுவாகச் சொன்னாள். இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். யோசிக்க வேண்டிய விஷயமாகவே அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப என்னை எடுத்துருங்கம்மா. பாப்பாவுக்கு நாளன்னிக்கு நிச்சயம். திருப்பூர்க்காரன் நல்லாப் பேசுவான். தட்டு கீழ விழுகாமப் புடிப்பான். நான் போனா, ஒருத்தருக்கும் நட்டமில்ல."

"சம்மதமா சொல்றீங்களா?" என்றாள் நஸ்ரின்.

"சம்மதந்தான்."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். மூன்றாவது வரியைத் தொட்டாள். அழிக்கட்டுமா என்று தகடு கேட்டது.

"இரு" என்றார் சுகந்தி.

அவருடைய டீ குடிக்காமல் ஆடை படிந்திருந்தது. கிளாசை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"ஏம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். என்ற ஊட்ல இருக்கறாரே, அவரு தெனமும் காலையில தோசையைத் தின்னுட்டு, உன்ற கை பக்குவம் யாருக்கும் வராது சுகந்திங்கறாரு. அது எங்கிருந்து வந்துச்சு?"

"நீங்க நிரப்பும்போது சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொன்னேன். கல்யாணமான நாள்லேருந்து அவரு ஒரு தடவை கூட அப்படிச் சொன்னதில்ல. சொன்னாருன்னு சொல்லி வெச்சேன். அவரு திருப்பூர்ப் பக்கமே போனதில்லைன்னு சொல்லி வெச்சேன். என்னைக் கைநீட்டி அடிச்சதில்லைன்னு சொல்லி வெச்சேன். இப்ப எனக்கு அப்படியொரு ஆளு ஊட்ல இருக்காரு. தங்கம். நான் கண்ணுல தண்ணி விட்டா, ஏன் சுகந்தி அழுகறேன்னு கேக்கறாரு. என்னத்தைச் சொல்றது? உங்களாலதான்னு சொன்னா அவரு முழிப்பாரு. அவரு ஒரு தப்பும் பண்ணலையே. நானே பேசி, நானே பதிலும் கேட்டுக்கிட்டு ஏழெட்டு வருஷம் ஓட்டிட்டேன்."

கீழே யாரோ மோட்டாரை ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள்.

"என்றதை எடுத்துரு" என்றார் சுகந்தி.

"பொள்ளாச்சியையா?"

"ஆமா. இவளுக்கு இவளோடது இருக்கட்டும். அந்தப் புள்ளைக்கு வேணும். எனக்கு இந்த மனுஷன் இருக்கட்டும்."

"அம்மா, நல்லா யோசிச்சுக்குங்க. இவரு உங்க ஊட்டுப் படியேறவே பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். சட்டை பொத்தான் நீங்கதான் போட்டு விடணும். திக்கும். அந்தத் தோசைப் பேச்செல்லாம் வராது."

"வர வேண்டாம்."

"சுகந்தி" என்றார் ஜெகதீசன். நடுங்குகிற கையை வலது கையால் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். அ... அவன் உனக்கு நல்லவனா இருக்கான்."

"உங்களை யாரும் கேக்கல. உங்களைக் கேட்டாச்சு, நீங்க போறேன்னு சொல்லியாச்சு. எப்பப் பாத்தாலும் கெளம்பறதுக்குத்தான் தயாரா இருப்பீங்க. அது மட்டும் மாறவே இல்ல."

"அக்கா, வேண்டாங்க" என்றாள் மேனகா.

இந்த முறை சுகந்தி அவளைத் திருத்தவில்லை. நஸ்ரின் நீட்டிய கைரேகைக் கண்ணாடியில் விரலை வைத்தார். வைத்த விரலை, தகடு ஏற்றுக்கொண்ட பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்.

திரையிலிருந்து முதல் வரி போனது. புதுப் பலகை எழுதிக்கொள்ளத் தகடு சிறிது நேரம் எடுத்துக்கொண்டது. சனி, ஞாயிறு, திங்கள் திருப்பூருக்கு. மற்ற நாளெல்லாம் மற்றவருக்கு. நஸ்ரின் இரண்டு முறை சரிபார்த்தாள்.

"முடிஞ்சுதுங்க. இன்னைக்குச் சனிக்கிழமை. இப்ப அவரைத் தூங்க வெச்சு எழுப்பினா, மேனகாம்மா, உங்க வீட்டுக்காரரா எந்திரிப்பாரு. நேரா திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிரலாம். உங்க பொண்ணுகிட்டச் சொல்லிருங்க."

மேனகா போனை எடுத்தாள். எண் தப்பாகப் போய், மறுபடி அழுத்தினாள். "யாழு... ஆமாம் சாமி. சரியாயிருச்சு. இல்ல, அழுகல. கூட்டிட்டு வர்றேன்." போனை வைத்துவிட்டாள். சுகந்தியின் முன்னால் வந்து நின்றாள். ஆறிப்போன டீ கிளாசை எடுத்து, "வேற சொல்லட்டுங்களா" என்றாள்.

"சொல்லு. மூணு டீயாச் சொல்லு." சுகந்தி நஸ்ரினைப் பார்த்தார். "ஏம்மா, அவரைத் தூங்க வெக்கறதுக்கு முந்தி எனக்கு ஒரு அரை மணி நேரம் குடுப்பியா? இன்னைக்கு இவ நாளுதான். தெரியும். இருந்தாலும் செவ்வாக்கிழமை வரைக்கும் என்னால பொறுக்க முடியாது."

நஸ்ரின் மேனகாவைப் பார்த்தாள். மேனகா தலையசைத்தாள்.

சுகந்தி ஸ்டூலை இழுத்து நாற்காலிக்கு முன்னால் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

"அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி போறேன்னு சொல்லிட்டுப் போனீங்க. மொட்டை அடிக்கப் போன ஆளு, தலை நெறைய முடியோட திரும்பி வந்து நின்னீங்க. நான் வாயைத் தொறக்கல. அதுலேருந்து ஆரம்பிக்கலாம்."

ஜெகதீசன் தலையை ஆட்டினார். "சொ... சொல்றேன்."

மேனகா சத்தமில்லாமல் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

"நீ எங்கடி போற?" என்றார் சுகந்தி திரும்பாமலே. "அந்த நாளெல்லாம் உன்ற கூடத்தானே இருந்தாரு? வந்து உக்காரு. அவரு திக்கற எடத்துல நீ எடுத்துக் குடு."